கம்பளிச் சந்தை கட்டிய தவறணை

தவறணை என்னும் சொல் ஈழத்தமிழருக்குப் பழக்கமானது. ஐரோப்பியரோடு வந்து நாட்டு வழக்கில் நிலைத்துவிட்ட அச்சொல்லின் மூலம், கடை என்றும் கொட்டில் என்றும் பொருள்படும் 'தபேர்ணா' என்ற இலத்தீன் சொல்லாகும். தவறணை என்றதும் ஓலை வேய்ந்த கொட்டிலும் கள்ளு முட்டியும் பிளாவுமே கண்முன் தோன்றும். அங்கே கட்டடக்கலைக்கு என்ன இடம் என்று கேட்பவர் கேட்கலாம். ஆங்கில நாட்டுக் கிராமத்தில் நிலைமை வேறு. தேவாலயத்தை விட்டால் ஊரிலேயே வயது முதிர்ந்த கட்டடமாகத் தவறணை இருப்பதை அங்கே பல இடங்களிற் காணலாம். அத்தகைய கட்டடங்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது, சோமசெற் பகுதியில் நோட்டன் சென் பிலிப் என்னும் சிற்றூரிலுள்ள 'ஜோர்ஜ்' விடுதி. பாத் நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ ஏழு மைல் தொலைவில், மேட்டுநிலத்திலே அவ்வூர் அமைந்திருக்கிறது. அந்த விடுதியின் வரலாற்றில் முதலில் அறியவேண்டியது, அது குடிப்பவரை முன்னிட்டுக் கட்டப்பட்டதன்று என்பதே. கம்பளித் துணி வாணிகத்துக்காக எழுந்த கட்டடம் அது. அதை எழுப்பியவர்களோ மௌனத்தை விரதமாகப் பூண்ட துறவிகள்.

இடைக்கால இங்கிலாந்தில் மது விற்கும் இடங்கள் மூவகைப்பட்டன. வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்டி வடித்த 'ஏல்' என்னும் மதுவை விற்பது ஏல் வீடு. பிரான்சு முதலிய தேசங்களிலிருந்து வந்த முந்திரிகை மதுவை விற்பது தவறணை. மதுவோடு உணவும் படுக்கையும் குதிரைக்குக் கொட்டிலும் தருவது 'இன்' எனப்படும் விடுதி. அதனை வாடிவீடு என்றே சொல்லிவிடலாம். கிராமத்து ஏல் வீட்டுக்கெனத் தனிக் கட்டடம் கிடையாது. வீட்டுக்காரி தன் அடுப்படியில் ஏல் வடித்து முடித்தவுடன், இலைக்கொத்துக் கட்டிய கம்பொன்றை வாசலில் நீட்டி வைப்பாள், அதுவே விளம்பரம். பானை வெறுமையானதும் வீடு மீண்டும் வீடாகிவிடும். இப்படிப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்து மறைந்தன. நின்று நிலைத்தவை விடுதிகளே. ஏனெனில் விடுதிக்குப் பெருங்கூடமும் சமையற்கட்டும் படுக்கையறைகளும் களஞ்சியமும் குதிரை லாயமும் வேண்டும். இவற்றைக் கட்டப் பெரும்பொருள் தேவை. அக்காலத்தில் அத்தகைய பொருள் வைத்திருந்தோருள் மடாலயங்கள் முதன்மையானவை.

நோட்டன் கிராமம் அருகிலிருந்த ஹின்டன் மடத்துக்கு உடைமையாயிருந்தது. அம்மடத்தை 1232ஆம் ஆண்டில் நிறுவியவள் சோல்ஸ்பெரிப் பிரபுவின் மனைவி ஈலா. அங்கு வாழ்ந்தவர் கார்த்தூசியத் துறவிகள். ஒவ்வொரு துறவிக்கும் தனித்தனிச் சிறுவீடும் அதன் பின்னே சிறுதோட்டமும் உண்டு. உணவு சுவரிலிருந்த சிறு துவாரத்தின் வழியாக வரும். வழிபாட்டு வேளை தவிர ஒருவரை ஒருவர் காண்பதே அரிது. பேசுவது அதனினும் அரிது. இவ்வளவு ஒடுங்கிய வாழ்க்கைக்கும் வருவாய் வேண்டுமல்லவா? சோமசெற்றின் சுண்ணாம்புக்கல் மேடுகளில் மேய்ந்த ஆடுகளே அந்த வருவாயைத் தந்தன. நிலமும் ஆடும் மடத்துக்குரியவை. மயிர் கத்தரித்தலும் கணக்கு வைத்தலும் விற்றலும் ஏவலாளர்களின் வேலை.

ஆட்டு மயிரை விற்கச் சந்தை வேண்டும். சந்தை கூட்டும் உரிமையை அரசனிடமிருந்து மடம் பெற்றிருந்தது. ஆனால் சந்தை என்பது மௌனத்தின் பகைவன். வணிகரும் வண்டிக்காரரும் கூத்தாடிகளும் குடிகாரரும் கூடுமிடத்துக்கு அருகே தியானம் நிலைக்குமா? ஆகவே 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹின்டனிற் கூடிய சந்தை, மடத்தின் வாசலை விட்டு நோட்டனுக்கு நகர்த்தப்பட்டது. துறவிகளுக்கு அமைதி கிடைத்தது, வரும்படியும் குறையவில்லை. உலகைத் துறந்தவர்களின் உலக அறிவு சில வேளைகளில் வியப்பூட்டுவதாகவே இருக்கிறது!

சந்தை நிலைத்த ஊரில், அதற்கு வரும் வணிகர் தங்கவும் சரக்கை மழைபடாமல் வைக்கவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்கு 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்ததே இந்த விடுதி. தெருவில் நின்று பார்ப்பவருக்கு அக்கட்டடம் இரண்டு காலங்களின் கதையைச் சொல்லும். கீழ்த்தளம் முழுவதும் கல். அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லைத் தடித்த சுவராக எழுப்பி, நடுவே அகன்ற வளைவு வாயில் ஒன்றை வைத்துள்ளனர். அந்த வாயிலினூடே சென்றால் பின்முற்றத்தை அடையலாம். கல்லின் மேலே நிற்கும் இரண்டு மாடிகளும் மரச்சட்டத்தாலானவை. அவை 15ஆம் நூற்றாண்டின் வேலை. அதாவது, முன்பிருந்த கற்கட்டடத்தின் கீழ்ப்பகுதியை வைத்துக்கொண்டு, மேற்பகுதியைப் புதிய முறையில் எழுப்பியிருக்கிறார்கள்.

இந்த மரச்சட்ட வேலையின் இயல்பைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஆங்கிலத் தச்சன் ஓக் மரத்தைக் காய விடுவதில்லை. வெட்டிய ஈரத்தோடே சீவிச் செதுக்குவான். காய்ந்த ஓக் உளியை மழுக்கும்; பச்சை ஓக் வளைந்து கொடுக்கும். ஒரு மரத்திலே துளை செதுக்கி, மற்ற மரத்தின் நுனியைக் கழுந்தாகச் சீவி, அத்துளையிலே இறக்கிக் குறுக்கே மர ஆணி அறைந்துவிடுவான். இரும்பு ஆணிக்கு அங்கு வேலையில்லை. காலப்போக்கில் மரம் காய்ந்து சுருங்கும்போது மூட்டு தளராது, மாறாக இறுகும். சட்டங்கள் யாவும் முதலில் தச்சனின் முற்றத்தில் தரையிற் கிடத்திப் பொருத்திப் பார்க்கப்படும். பின்பு ஒவ்வொரு மூட்டிலும் அடையாளக் கீறல்கள் இட்டு, பிரித்து, வண்டியில் ஏற்றி, கட்டுமிடத்தில் மீண்டும் பூட்டி நிறுத்துவார்கள். சட்டங்களுக்கு இடையிலுள்ள வெளியை மரக்குச்சிகளை வரிச்சாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்த சாந்தினால் மெழுகி மூடுவார்கள். மண்வீடு கட்டிய எவருக்கும் இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது. இங்கிலாந்தின் பழைய வீடுகளிலே மரத்தைக் கரும்பூச்சாலும் சாந்தை வெள்ளையாலும் பளிச்சிடச் செய்திருப்பதைக் கண்டு, இடைக்காலத் தோற்றம் இதுவே என்று மயங்குவோர் பலர். அக்கரும்பூச்சுப் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் மோகமே.

ஜோர்ஜ் விடுதியின் முதல் மாடி கீழ்ச்சுவரைவிடத் தெருப்பக்கமாக முன்தள்ளி நிற்கிறது. இரண்டாம் மாடி அதனினும் முன்தள்ளி நிற்கிறது. தரையைத் தாங்கும் விட்டங்களைச் சுவருக்கு வெளியே நீளவிட்டு, அவற்றின் நுனியில் அடுத்த மாடியின் சுவரை ஏற்றும் முறை இது. வெளிநுனியிற் சுமை ஏறும்போது, சுவருக்கு உட்பக்கமாக விட்டம் தொய்வது குறைகிறது. மாடியில் இடமும் கூடுகிறது. நெருக்கமான நகரத் தெருவில் இடம் தேடி இப்படிச் செய்தார்கள் என்பது சரிதான். ஆயினும் நோட்டன் போன்ற கிராமத்தில் இடத்துக்கு என்ன பஞ்சம்? மரத்தை இவ்வளவு தாராளமாகச் செலவிட வல்லவர் நாம் என்று தெருவுக்கு அறிவிப்பதும் அங்கே ஒரு நோக்கமாக இருந்திருக்க வேண்டும். முதல் மாடியில் வெளித்தள்ளி நிற்கும் மூன்று சாளரங்களும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. அச்சாளரங்களுக்குப் பின்னாலிருந்த அறைகளில் வணிகர் தங்கினர். கூரையை ஒட்டிய மேல்மாடியோ மனிதருக்கென அமைந்ததன்று. கம்பளியும் துணிப்பொதியும் அங்கே அடுக்கப்பட்டன. ஈரமும் வெள்ளமும் எலியும் எளிதில் எட்டாத இடத்திற் சரக்கு, அதன் கீழே சரக்குக்கு உரியவர், அவருக்குங் கீழே உணவும் மதுவும். வாணிகத்தின் ஒழுங்கு அப்படியே மாடிகளின் ஒழுங்காகிவிட்டது. கூரையிலோ ஓடு மண்ணோடன்று. மெல்லிய கற்பலகைகளை ஓடாக வேய்ந்திருக்கிறார்கள். அந்தப் பாரத்தைத் தாங்குவதற்கு உள்ளே கைமரங்களும் வளைகளும் எத்துணைப் பருமனாக இருக்கவேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பின்முற்றத்துக்கு வந்தால் காட்சி மாறுகிறது. முன்புறத்தின் பெருமிதம் அங்கில்லை. மாடிக்கு ஏறுவதற்குக் கட்டடத்தோடு ஒட்டி ஒரு படிக்கட்டுக் கோபுரம். ஒரு பக்கத்தில் மாடியறைகளுக்கு வெளியாலே செல்லும் மரத்தாலான நடைப்பந்தல். அறைக்குள் அறையாகச் செல்லாமல், ஒவ்வொரு விருந்தினனும் மற்றவனுக்கு இடையூறின்றித் தன் அறைக்குச் செல்ல இந்த ஏற்பாடு உதவியது. இடைக்கால விடுதிகளைப் பற்றி 1961ஆம் ஆண்டில் ஆராய்ந்தெழுதிய பான்ரின் என்னும் அறிஞர் அவற்றை இரு வகையாகப் பிரித்தார். முற்றத்தைச் சூழ நாற்புறமும் அறைகளையுடையவை ஒரு வகை. தெருமுகத்தில், நடுவே வாயிலுடன் ஒரே தொகுதியாக எழுவது மற்ற வகை. 1450ஆம் ஆண்டை ஒட்டிக் குளொஸ்ரர் நகரில் மடாலயத்தார் கட்டிய 'நியூ இன்' முதல் வகைக்குச் சிறந்த சான்று. ஜோர்ஜ் விடுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கிளாஸ்ரன்பரியில் யாத்திரிகருக்காக அவ்வூர் மடாலயம் கட்டிய விடுதியும் இவ்வகையினதே. அதன் முகப்பு முழுவதும் செதுக்கிய கல்லாலானது. அதற்கு முன் நோட்டனின் விடுதி நாட்டுப்புறத்தானைப்போல் தோன்றும். எனினும் அந்த நாட்டுப்புறத்தானிடமே வேலை செய்த கைகளின் தடம் கூடுதலாகத் தெரிகிறது.

1397ஆம் ஆண்டு முதல் ஏல் விற்கும் உரிமம் இந்த விடுதிக்கு இருந்துவருகிறது என்றொரு பெருமை வழங்குகிறது. நாட்டிலேயே பழைமையான தவறணை இதுவே என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் அதே பெருமையைக் கொண்டாடும் தவறணைகள் இங்கிலாந்தில் வேறு பலவும் உண்டு. ஏல் வீடுகள் நீதவான்களிடம் உரிமம் பெறவேண்டும் என்ற பொதுச் சட்டம் 1552ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய உரிமம் என்பது எதைக் குறிக்கும் என்று வினவுவது நியாயமே. கல்லும் மரமும் தாமே சாட்சி கூறும்போது, இத்தகைய முதுமைப் போட்டிகளினால் கட்டடத்துக்கு ஏதும் சிறப்புக் கூடுவதில்லை.

1539ஆம் ஆண்டு 8ஆம் ஹென்றி மன்னனின் ஆணையால் ஹின்டன் மடம் கலைக்கப்பட்டது. துறவிகள் வெளியேறினர். நிலங்கள் வேறு கைகளுக்கு மாறின. தியானத்துக்கென்று கட்டிய கட்டடங்கள் பெரும்பாலும் இடிந்தும் இடிக்கப்பட்டும் போயின. அவர்கள் தங்கள் கண்ணிற் படாதவாறு தள்ளிவைத்த சந்தையின் விடுதியோ குலையாமல் நின்றது. காரணம் எளியது. மடத்துக்கு இனிப் பயனில்லை. விடுதிக்குப் பயன் இருந்தது. மேற்கு இங்கிலாந்தின் கம்பளித் துணி நெசவு அந்நூற்றாண்டில் நன்கு செழித்திருந்தது. ஆட்டு மயிராகவே பிளாண்டர்சுக்கு ஏற்றுமதி செய்த காலம் போய், அகன்ற துணியாக நெய்து ஏற்றுமதி செய்யும் காலம் வந்திருந்தது. ஓடைகள்தோறும் துணியை அடித்து மெத்தெனச் செய்யும் நீராலைகள் சுழன்றன.

1668ஆம் ஆண்டு யூன் 12ஆம் நாள், நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் தம் மனைவியோடும் பிறரோடும் பாத் நகருக்குச் செல்லும் வழியில் இவ்வூரில் இறங்கினார். நன்றாக உண்டதையும் அதற்குப் பத்துச் சிலிங் செலவானதையும் குறித்துவைத்தார். தேவாலயத்திற்குச் சென்று அங்குள்ள கல்லறைகளையும் பார்த்தார். கட்டடத்தைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. அக்காலத்தில் அதுவொரு சாதாரண விடுதி. வியக்க என்ன இருக்கிறது?

பதினேழு ஆண்டுகளின் பின் அவ்விடுதியின் வாசலில் நின்றவர்கள் பசியாற வந்தவர்களல்லர். 2ஆம் சாள்ஸ் மன்னனின் முறைவழி பிறவாத மகனாகிய மொன்மத் கோமகன், தன் சிறிய தந்தையான 2ஆம் ஜேம்ஸ் மன்னனை எதிர்த்து 1685 யூன் 11ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையில் வந்திறங்கினான். தோன்டன் நகரில் தன்னை அரசனாகப் பிரகடனஞ் செய்துகொண்டான். அவனுடன் திரண்டவர்களுட் பிரபுக்கள் மிகச் சிலரே. நெசவாளரும் உழவரும் கைவினைஞருமே படையாயினர். பலரிடம் துவக்கில்லை, அரிவாளை நீண்ட தடியிலே நிமிர்த்திக் கட்டி ஏந்தி வந்தனர். பிறிஸ்டலைப் பிடிக்கும் எண்ணம் கைகூடவில்லை. பாத் நகரும் கதவடைத்தது. பின்வாங்கிய படை யூன் 26ஆம் நாள் நோட்டனை அடைந்தது. தலைவன் தங்கியது ஜோர்ஜ் விடுதியிலே என்பர். அவன் சாளரத்தருகே நின்றபோது வெளியிலிருந்து ஒருவன் சுட்டான் என்றும், குறி தவறிற்று என்றும் ஊரிலே ஒரு கதை உண்டு.

மறுநாட் காலை அரச படையின் முன்னணி, வேலிகள் அடர்ந்த ஒடுங்கிய ஒழுங்கையொன்றினூடாக ஊருக்குள் நுழைய முயன்றது. அதற்குத் தலைமை தாங்கியவன் கிறாப்டன் கோமகன். அவனும் 2ஆம் சாள்சின் முறைவழி பிறவாத மகனே. தமையனும் தம்பியும் ஒரு கிராமத்து ஒழுங்கையில் எதிர்நின்றனர். வேலிகளுக்குப் பின்னால் மறைந்திருந்த நெசவாளர் சுட்டதில் அரச படைக்குப் பலத்த சேதம். பின்பு மழையிலே பல மணி நேரம் பீரங்கிகள் முழங்கின. பொழுது சாயுமுன் அரச படை பின்வாங்கியது. ஆனால் வென்றவர்களும் அங்கே தங்கவில்லை. கொட்டும் மழையில், சேற்றில், இரவோடிரவாகப் புறோம் என்னும் ஊரை நோக்கி நடந்தனர். யூலை 6ஆம் நாள் செட்ஜ்மூர் வெளியில் அப்படை அழிந்தது. ஒன்பது நாள் கழித்து மொன்மத்தின் தலை துண்டிக்கப்பட்டது.

தலைவன் ஒருவன் மடிந்ததோடு அரசனின் சினம் ஆறவில்லை. பிரதம நீதியரசர் ஜெப்றீஸ் மேற்குப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 300 பேர் தூக்கிலிடப்பட்டனர். 800க்கு மேற்பட்டோர் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொத்தடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். மரணதண்டனை பெற்றவர்களை ஓரிடத்திற் கொல்லாமல், ஊருக்கு இத்தனை பேர் எனப் பிரித்தனுப்பினர். ஊர்தோறும் அச்சம் பதியவேண்டும் என்பதே நோக்கம். நோட்டனுக்கு வந்த பங்கு பன்னிருவர் என்று ஊர் நினைவு வைத்திருக்கிறது. இவ்விடுதியிலேதான் ஜெப்றீஸ் நீதிமன்றம் கூட்டினார் என்று கூறுவோரும் உண்டு. அது பொருந்தாது, சோமசெற்றில் அவர் வழக்கு விசாரித்த இடங்கள் தோன்டனும் வெல்சுமே. விடுதியின் மேல்மாடியிற் கிடந்த துணிகளை நெய்த கைகளுக்கு உரியவர்கள்தாம் அந்தத் தூக்குமரங்களில் தொங்கினார்கள் என்பதற்கோ நீதிமன்றக் கதை எதுவும் தேவையில்லை.

அதன் பின்னர் விடுதியின் வாழ்வில் பெரிய நிகழ்ச்சி இல்லை. கட்டடத்தின் நற்காலம் அதுவே. 18ஆம் நூற்றாண்டில் பாத் நகரம் செல்வச் செருக்கோடு தன் இடைக்கால முகத்தை முற்றாக மாற்றிக்கொண்டது. பழைய விடுதிகள் இடிக்கப்பட்டு, ஒரே ஒழுங்கான கல்மாளிகை வரிசைகள் எழுந்தன. ஏழு மைல் தொலைவிலிருந்த நோட்டனிலோ அப்படி இடித்துக் கட்டுவதற்கு எவரிடமும் பணமில்லை. துணி வாணிகம் மெல்ல வேறிடம் சென்றது; யோர்க்ஷயரில் நீராவி ஆலைகள் வந்தபின் மேற்கின் கைத்தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சிறிது காலம் தபால் வண்டிகளும் பயணிகள் வண்டிகளும் விடுதிக்குச் சோறு போட்டன. 1841ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து பாத் வழியாகப் பிறிஸ்டல்வரை புகையிரதப் பாதை முற்றுப்பெற்றதும் அப்பிழைப்பும் தேய்ந்தது. 1830ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆண்டுக்கு இரண்டு கினி செலுத்தும் எந்த வரிசெலுத்துநரும் தம் வீட்டிலேயே பியர் விற்கலாமென்று வாசலைத் திறந்துவிட்டது. போட்டி பெருகியது. ஒரு காலத்தில் வணிகர் தங்கிய பெருவிடுதி, ஊரார் மாலையிற் கூடும் கிராமத் தவறணையாகச் சுருங்கியது இப்படித்தான். வறுமை கட்டடங்களை அழிக்கும் என்பார்கள். கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் வருவாயிருக்குமாயின், அதுவே அவற்றைக் காப்பதும் உண்டு.

இன்று அது சட்டத்தின் முதலாந்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்ற கட்டடம்; பேராலயங்களுக்கும் கோட்டைகளுக்கும் உரிய தரம் அது. 1998ஆம் ஆண்டில், அப்போது அதன் உரிமையாளராயிருந்த டிவைசஸ் நகரத்து வாட்வர்த் மதுவடிப்பு நிறுவனம் அதனைச் சீரமைத்தது. இத்தகைய வேலையில் தச்சனுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: உளுத்த மரத்தை முழுதாகக் கழற்றுவதா, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி நல்ல மரம் ஒட்டுவதா? முழுதாக மாற்றினால் வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் பழைய தச்சனிட்ட கீறலும் உளித்தடமும் குப்பைக்குப் போகும். ஒட்டுப்போட்டால் தையல் தெரியும். கட்டடம் பொய் சொல்லாது.

இதற்கிடையில், 2022ஆம் ஆண்டின் நடுவில் இங்கிலாந்திலும் வேல்சிலும் இயங்கிய தவறணைகளின் தொகை 40,000க்குக் கீழே இறங்கிற்று. மூடப்பட்டவற்றிற் பல கிராமத்துக் கட்டடங்கள். குடிப்பவர் குறைந்ததைப் பற்றி வருந்த வேண்டியதில்லை என்று கூறுவோர் கூறலாம். ஆனால் ஐந்நூறாண்டு மரச்சட்டத்துக்கு ஆண்டுதோறும் வேண்டிய சாந்தையும் ஓட்டையும் இதுவரை வாங்கிக் கொடுத்துவந்தது அந்தக் குடிப்பவரின் காசுதான். அந்த இடத்தை வேறு எதைக்கொண்டு நிரப்புவது என்று கட்டடம் காக்கும் துறையினர் ஊர்தோறும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

நோட்டனில் விடுதியின் வளைவு வாயில் இன்னும் தெருவைப் பார்த்தபடியே நிற்கிறது. மேல்மாடியில் இப்போது துணிப்பொதி எதுவும் இல்லை. பின்முற்றத்துக்கு அப்பால், பீப்ஸ் பார்த்த தேவாலயத்தை நோக்கிப் புற்றரை சரிந்து செல்கிறது; கோடைக்கால மாலைகளில் ஊரார் அங்கே கிரிக்கெற் ஆடுகின்றனர்.